வடகரையில் இல்லாத ஆந்தை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நலம் விசாரிப்பதை அடுத்த பத்திக்குத் தள்ளியதைப் பொறுத்துக்கொள்.

இங்கே நான், உன் தம்பி மனைவி, பையன் மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர் பதவி இந்த முறையும் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கே போயிற்று. நேற்று என் மேசைக்கு வந்து, “சார், உங்க ஆசீர்வாதம் வேணும்” என்றார். கொடுத்து அனுப்பினேன். அவர் கேட்டதில் என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் நினைவுக் குழுவின் அறிக்கை தபாலில் வந்தது. ஓடைக்கு வடக்கே உள்ள காட்டை நகராட்சி அப்படியே விட்டுவைத்து அத்தான் பெயரைச் சூட்டப்போகிறதாம். தெற்கே உள்ளதை வெட்டிச் சமன் செய்து பேருந்துப் பணிமனை கட்டப்போகிறதாம். வடகரைதான் விலங்குகளின் இருப்பிடம் என்பதற்கு ஆதாரமாக, அத்தான் ஞாயிற்றுக்கிழமை இதழில் எழுதிய பத்திகளை வரிவரியாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். வியாழக்கிழமைதோறும் அத்தான் தன் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த வாரம் பார்த்ததைச் சொல்வார். நான் கட்டுரையாக்கி அனுப்புவேன். பெயர் அவருடையது, வாக்கியம் என்னுடையது. அது இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைக்குமுன் அவர் கேட்பாரே, “கரையை மாத்திட்டியா மச்சான்?” என்று, அது நினைவிருக்கிறதா? முதல் வருடம் நாங்கள் உள்ளதை உள்ளபடி எழுதினோம். அடுத்த மாதமே யாரோ மரப்பொந்தில் கைவிட்டு ஆந்தைக் குஞ்சுகளை எடுத்துப்போய்க் கூண்டில் வைத்து விற்றார்கள். அதன்பிறகு தென்கரையில் பார்த்த எல்லாவற்றையும் வடகரை என்றே எழுதினோம். நீர்நாய், மரநாய், பெரிய ஆந்தை, எல்லாவற்றையும்.

ஆக, ஒன்றுமில்லாத கரைக்கு அத்தான் பெயர். எல்லாம் இருக்கிற கரைக்குக் கோடாலி. இதைத் தெரிந்த உயிர்கள் இரண்டுதான், நீயும் நானும். குழுவிடம் நீ போய்ச் சொல். மனைவி சொன்னால் கேட்பார்கள்.

உடனே பதில் எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். முழங்கால் அப்படியேதான், மாடிப்படி ஏறும்போது மட்டும் அது இருப்பது தெரிகிறது. துறைத் தலைவர் பதவி போனால் போகட்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாருக்கு முடி கொட்டாமல் இருந்தது?

கடையை நடத்துகிறேன். பெரியவன் லென்சு வெட்டுகிற வேலையை வெளியே கொடுத்துவிட்டான். நான் கண்ணாடிச் சட்டங்களை எடுத்துக் காட்டுவதோடு சரி. நேற்று ஒரு அம்மா எல்லாச் சட்டத்தையும் போட்டுப் பார்த்துவிட்டு, “எதுவும் வேணாம்மா, கைக்கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துட்டே இருந்தேன், அவ்வளவுதான்” என்று எழுந்து போனாள். உன் அத்தான் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

காலையில் கடைக் கதவை ஏற்றிவிட அச்சகக்காரர் வந்துவிடுகிறார். அவர்தான் நினைவுக் குழுவுக்குச் செயலாளர். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கதவைத் தூக்குவார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நினைவு மலருக்கு உன்னிடம் ஒரு பக்கம் கேட்கப்போவதாகச் சொன்னார். எழுதிக் கொடு. உன் பெயரோடு போடுவார்களாம்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மருந்தை விடாதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அதுவே என்று உன் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். முடி கொட்டுவது முதல் கடைக் கதவு வரை எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு “மற்றது” என்று பெயர் வைத்துவிட்டாய்.

ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். என்ன எழுதுவது? அத்தானோடு ஞாயிறு காலையில் நடந்தவர்கள் பாதி ஊர். அவர் எல்லோரையும் வடகரைக்குத்தான் கூட்டிப்போவார். “நாலு வருஷமா வர்றேன் சார், இதுவரைக்கும் ஒரு அணிலும் அரை ஓணானும்தான் காட்டியிருக்கீங்க” என்று வங்கிக் காசாளர் புலம்புவார். “அரை ஓணான் எப்படிய்யா?” “மீதி பொந்துக்குள்ள இருந்துச்சு.” நான் ஊருக்கு வந்திருக்கும் ஞாயிறுகளில், கூட்டத்தை ஓடைப் பாலத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் இருவரும் சுற்றிக்கொண்டு தென்கரைக்குப் போவோம்.

அங்கே அவர் உட்காரும் விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆந்தை மரத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கடையில் முகம் பார்க்கக் கொடுக்கிற கைக்கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்து, அதில் பொந்தைப் பார்ப்பார். “நேராப் பாத்தா அதுக்குப் பயம் மச்சான். நம்ம கண்ணு ரெண்டும் முன்னாடி இருக்கு பாரு, திங்க வந்தவன் கண்ணு அது. முதுகுன்னா போறவன்னு நினைச்சுக்கும்.” ஆந்தை பொந்தை விட்டு வெளியே வந்து, சிறகைக் கோதி, எங்கள் முதுகுக்குப் பின்னால் குடும்பம் நடத்தும். நான் பட்டம் வாங்கியவன். எந்தப் பாடப் புத்தகத்திலும் முதுகைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை.

பிறகு அவராகவே என்னை விட்டுவிட்டார். பத்தியில் ஆந்தை போய் எறும்பு வந்தது, எறும்பு போய்ப் பட்டாம்பூச்சி வந்தது. ஒரு வியாழக்கிழமை கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காரியத்துக்கு வந்து அன்று மாலையே நான் ரயிலேறியது அதனால்தான். ஆனால் அந்த மரம் என்ன செய்தது?

குழுவிடம் சொல்லிவிட்டாயா இல்லையா? ஒற்றை வரியில் பதில் போதும்.

உன் தம்பி


மார்ச் 20

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலம்தானே? நான் தங்கள் அக்காவின் கடைக்கு அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருப்பவன். நினைவுக் குழுச் செயலாளர்.

மலரின் பக்கங்கள் கோக்கப்படுகின்றன. மூன்றாம் பக்கத்தைத் தங்களுக்காக வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நகராட்சித் தலைவர் இருக்கிறார், தவிர்க்க முடியவில்லை. தங்கள் பெயர், பட்டங்கள், படம் எல்லாம் போடுவேன். பிழை திருத்துவது என் பொறுப்பு.

எனக்கும் தங்கள் அத்தானுக்கும் உள்ள உறவைத் தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வடகரைக் கல்குவாரியின் விளிம்பில் பெரிய ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது என்று அவர் எழுதிய வாரம், ஆசை தாங்காமல் மழையில் தனியாகப் போனேன். பாசியில் கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்தேன். மறுநாள் காலையில்தான் ஆடு மேய்க்கிறவர் பார்த்தார். வலது முழங்கால் அன்றிலிருந்து மடங்காது. முழுக்க என் கவனக்குறைவு. “விலகி நின்று பாருங்கள்” என்று அவர் எத்தனை முறை எழுதியிருக்கிறார்.

நான் மருத்துவமனையில் கிடந்தவரை அவர் தினமும் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அதிகம் பேச மாட்டார். சொந்த அண்ணன்கூட அப்படி வந்ததில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்த மலரும் வடகரைக் காடும்.

ஒரு பக்கத்தை அன்புகூர்ந்து அனுப்பி வையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
அச்சக உரிமையாளர்


மார்ச் 28

அக்கா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அச்சகக்காரர் எழுதியிருக்கிறார். கால் போன கதையை, நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்த வாரம் தொலைபேசியில் நடந்தது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. “எந்த இடம்னு போடறது அத்தான்?” என்றேன். “குவாரிப் பக்கம்னு போட்டுக்கோ, அங்க எவன் போகப்போறான்” என்றார். போட்டேன்.

இத்தனை வருடமாக எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நான் அந்த வீட்டுக்கு யார், தொலைபேசியில் சொன்னால் எழுதும் இயந்திரமா? உனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். எழுதியவனுக்கு மட்டும் தெரியக்கூடாது.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்து மடித்து, மறுபடி பிரித்து, இப்படியே நாள் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

அத்தான் தினமும் மருத்துவமனைக்குப் போனது ஆறுதல் சொல்ல அல்ல. உண்மையைச் சொல்லத்தான் போனார். தினமும் கிளம்பும்போது, “இன்னைக்குச் சொல்லிடறேன்” என்பார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், சொல்லவில்லை என்று. “அந்த ஆளு என்னைப் பாத்துச் சிரிக்கிறான்மா. சிரிக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்பார். அச்சகக்காரர் வீடு திரும்பிய பிறகு, எழுந்து நடக்கட்டும் என்றார். நடக்க ஆரம்பித்ததும், கைத்தடியை விடட்டும் என்றார். கைத்தடியை அவர் விடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எறும்பும் பட்டாம்பூச்சியும். எறும்புக்குக் கரை கேட்க மாட்டார்கள் பார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “மச்சான் எழுதுனது அது. தெரிஞ்சா அவன் அப்புறம் எதையும் எழுத மாட்டான்.” உன்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இருந்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலமானால் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்து தூசி துடைப்பார்.

இப்போது நீ சொல்கிறாய், குழுவிடம் போய்ச் சொல் என்று. அந்தச் செயலாளர்தான் தினமும் என் கடைக் கதவை ஏற்றுகிறவர். அவருடைய கைத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க கால் பொய்க்குப் போச்சு” என்று நான் சொல்ல வேண்டுமா? அதுவும் இத்தனை வருடம் தெரிந்தே சும்மா இருந்த வாயால்?

என்னால் முடியாது. நீயும் எழுதாதே. எழுதினால் பொறாமை என்பார்கள்.

மருந்து சாப்பிடுகிறாயா?

அக்கா


ஏப்ரல் 30

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலம் அறிய விழைகிறேன்.

மலருக்கான பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் விலங்கியல் பேராசிரியர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். விலங்குகள் காலப்போக்கில் இடம்பெயரக்கூடும் என்பதால், மரங்களை வெட்டுமுன் தென்கரையையும் ஒருமுறை முறையாக ஆய்வு செய்வது நல்லது. என் செலவில் நானே வந்து செய்து தருகிறேன்.

இக்கடிதத்தைத் துறை அலுவலகத்தில் தட்டச்சு செய்து, கையொப்பமும் முத்திரையும் இட்டுள்ளேன்.

தங்கள்,
விலங்கியல் இணைப் பேராசிரியர்


மே 14

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அனைவரும் நலம் என நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தைக் குழுவில் படித்தேன். எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். ஆனால், “தென்கரையில் காகத்தைத் தவிர வேறு உயிர் கண்டதில்லை” என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியை மலரின் பின்அட்டையில் போடுகிறோம். அவர் சொல்லுக்கு மேல் ஆய்வு எதற்கு என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனமில்லை. “மச்சானுக்குப் பழைய கோபம்யா. உயிரோட இருந்தப்ப பேசல, இப்ப அவர் எழுதுனதுல ஓட்டை தேடறார்” என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசினேன். ஆனால் கடிதத்தை அதோடு மூடி வைத்துவிட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் தென்கரையில் வேலை தொடங்குகிறது. மூன்றாம் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது, ஐயா.

தங்கள் உண்மையுள்ள,
அச்சக உரிமையாளர்


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமில்லாமல் என்ன.

காகத்தைத் தவிர வேறு உயிர் கண்டதில்லை என்ற வாக்கியத்துக்காக ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தேன். அத்தானுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. “காகம்னு போட்டியே, அங்க நிக்கிற மச்சான் நீ” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அது ஒரு முறைதான். அதைப் பின்அட்டையில் போட்டுக் காட்டை வெட்டப்போகிறார்கள்.

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். என் பட்டமும் முத்திரையும் பெறும் விலை தெரிந்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும் கோபக்கார மச்சான் சொன்னதாகத்தான் ஆகும். உன்னாலும் முடியாது என்கிறாய். சரி. பணிமனை திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் சொல்லி அனுப்பு.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

போன ஞாயிறு கடையை மூடிவிட்டுத் தென்கரைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் அவரோடு போனது, அதற்குப் பிறகு இப்போதுதான். மரங்களில் சிவப்புச் சாயத்தால் குறுக்கே கோடு போட்டிருக்கிறார்கள். ஆந்தை இருக்கிற அந்த இரட்டைக் கிளை மரத்திலும் போட்டிருக்கிறார்கள், பொந்துக்குக் கொஞ்சம் கீழே.

கடைக் கைக்கண்ணாடியை எடுத்துப் போயிருந்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதலில் என் முகம்தான் தெரிந்தது. கையைக் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் மங்கும்போது பொந்து வாயில் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் வெள்ளைப் பஞ்சு மாதிரி இன்னும் இரண்டு. எழுந்து வர மனம் வரவில்லை. முழங்காலும் விடவில்லை.

மறுநாள் காலை அச்சகக்காரர் கதவை ஏற்றியபோது, “ஏம்மா, கண்ணு செவந்திருக்கு?” என்றார். “தூசி” என்றேன்.

அவருக்கு வருகிற கடிதங்களை அவரே பிரித்துப் படிப்பார். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாது. நீ அனுப்பியது தட்டச்சுதானே.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 21

அச்சகம் நடத்தும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உங்கள் நலத்தைக் கெடுக்கும் செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் பத்திகளைத் தன் கையால் எழுதவில்லை. அவர் தொலைபேசியில் சொல்வார், ஒருவன் எழுதிக்கொடுப்பான். அவன்தான் நான். காட்டில் பார்த்ததில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, கரையைத் தவிர. குஞ்சுகளை ஒருமுறை திருடர்களிடம் பறிகொடுத்த பிறகு, தென்கரையில் கண்டதையெல்லாம் வடகரை என்றே எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். வடகரையில் ஆந்தை இருந்ததே இல்லை. கல்குவாரி விளிம்பிலும் இல்லை.

இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்திருப்பீர்கள். மறுபடி எடுத்தால் இதையும் படியுங்கள். அவர் தினமும் உங்கள் கட்டிலுக்கு வந்தது இதைச் சொல்வதற்காக. ஒவ்வொரு நாளும் நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், அவரால் முடியவில்லை. அந்தக் குவாரிக்குப் பிறகு அவர் பெரிய விலங்கு எதைப் பற்றியும் எழுதவில்லை. பழைய இதழ்கள் உங்களிடமே இருக்கும், புரட்டினால் தெரியும். உங்கள் கால் மடங்காததற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் அல்ல. இதை அவர் வாயால் கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது. கேட்கவிடாமல் அவர் போய்விட்டார். அவரை மன்னியுங்கள் என்று சொல்ல நான் யார்? நான் அவர்மேல் வேறு ஒரு காரணத்துக்காகக் கோபம் வைத்திருந்தவன். அதைக் கீழே போட எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

அவர் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. கேட்டு அவரை வருத்த வேண்டாம். கடைக் கதவை ஏற்றுவதையும் நிறுத்த வேண்டாம்.

நான் சொல்வதை நம்பவும் வேண்டாம். முகம் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் தென்கரைக்குப் போங்கள். பாலத்திலிருந்து ஓடையை ஒட்டியே நடந்தால், கிளை இரண்டாகப் பிரிந்த பெரிய மரம் வரும். சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடியுங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். அது அவர் கண்ட முறை. அந்தக் கரை சமதளம், பாறை இல்லை. உங்கள் கால் தாங்கும். மழையில் நனைந்து, குழியில் விழுந்து, நீங்கள் பார்க்கப் போன ஆந்தை அதுதான். அல்லது அதன் பிள்ளை.

பார்த்த பிறகு, மரங்களை என்ன செய்வது, பின்அட்டையை என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஜூலைக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது.

கடிதத்தின் கீழே பெயர் எழுத இடம் விட்டுவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரைப் போட்டால் உங்கள் குழுவில் பெயரைத்தான் படிப்பார்கள். மரத்தைப் படிக்க மாட்டார்கள். அந்தப் பத்திகளுக்குக் கீழே என் பெயர் ஒரு முறையும் வந்ததில்லை. வரவில்லையே என்று மனதுக்குள் புகைந்திருக்கிறேன். இதற்குக் கீழேயும் வர வேண்டாம். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.